இரண்டாம் எண் பெட்டி

லாபு கடைத்தெருவில் ஐஸ்பெட்டி வாடகைக்கு விடுகிறவன் நான்.
இரண்டு பெட்டி, ஒரு வேன், நீளமான ஒயர்.
சாவு விழுந்த வீட்டில் முதலில் தேடுவது
பிளக் பாயின்ட்டை.
அப்புறம்தான் முகங்கள்.

அந்தத் தடவை கூப்பிட்டது
செம்பனை ஆலைக்குப் பின்னாலிருக்கும் வேதக்கோயில்.
பையன் பெயர் பராக்கா. தான்சானியா.
கணக்கியல் படிக்க வந்தவன்.
குலை ஏற்றிய லாரியும் அவன் மோட்டாரும்
முச்சந்தியில் ஒரே நேரத்தில் அவசரப்பட்டன.
நெடுநெடுவென்ற உடம்பு.
முழங்காலைக் கொஞ்சம் மடக்கித்தான் மூடியைச் சாத்தினேன்.

ஊருக்கு அனுப்பக் காகிதம் வரவேண்டும். மூன்று இரவு.
லாபுவில் கரண்ட் சொல்லிக்கொண்டு போகாது;
ஆகவே நானும் ஜெனரேட்டரும்
சுவரோரம், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில்.

அழுவார்கள் என்று நினைத்தேன்.
நாமென்றால் மாரில் அடித்துக்கொண்டு
போனவனைத் திட்டி, திரும்பக் கூப்பிட்டு,
மேளத்தோடு கொண்டுபோய் விடுவோம்.
இவர்கள் இருபது பேர்,
நீலாயிலிருந்தும் மந்தினிலிருந்தும் பஸ் பிடித்து வந்தவர்கள்,
செருப்பை வாசலில் விட்டுப் பெட்டியைச் சுற்றி நின்றார்கள்.
நீமா என்றொரு பெண் தொண்டையைச் செருமி
ஒரு வரி எடுத்தாள்.
அது தரையில் விழுமுன்
பத்தொன்பது பேர் தாங்கிக்கொண்டார்கள்.
ஆண் குரல்கள் அஸ்திவாரம் போட்டன,
கைத்தட்டல் சுவர் எழுப்பியது,
கூரை மட்டும் போடவேயில்லை.

சுவாஹிலி. எனக்கென்ன தெரியும்?
ஆனால் நடுவில் 'துனியா' என்றார்கள்.
நிமிர்ந்தேன். மலாயில் அது உலகம்.
'கபூரி' என்றார்கள். நம் ஊர் குபூர், புதைகுழி.
'ரோஹோ', உயிர். 'வக்காத்தி', நேரம்.
எந்தக் காலத்து அரபிக் கப்பலோ
இரண்டு கரையிலும் ஒரே சரக்கை இறக்கியிருக்கிறது.
நான்கு சொல் புரிந்தது;
நான்கும் என் தொழில் சம்பந்தப்பட்டவை.
புரியாதது ஒன்று: 'மிலேலே'.
அதைத்தான் திரும்பத் திரும்பப் பாடினார்கள்.
அது வரும்போதெல்லாம்
சிரிப்பும் கண்ணீருமாய் ஆடினார்கள்.

தவமலரும் இதே இரண்டாம் எண் பெட்டியில்தான் கிடந்தாள்.
பெண்டாட்டி செத்ததற்கு அழாதவன் என்று
மச்சான்மார் இன்னும் சொல்வார்கள்.
டிகிரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கண்ணாடியில் பனி படிந்தால் துடைக்கவேண்டும்.
துடைத்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டாம் இரவு மைலோ கொண்டுவந்த நீமாவிடம் கேட்டேன்:
மிலேலே என்றால் என்ன?
அவளுக்கு அரைகுறை மலாய்.
கோப்பையைக் காட்டினாள். இது, குடித்தால் ஹாபிஸ்.
பெட்டியைக் காட்டி, மேலே காட்டி,
அது, தக் ஹாபிஸ்.

முடியாது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதும் அதுதான்.
தோட்டம் கைமாறியபோது
வீடு கேட்டவர்களுக்கு மானேஜர் சொன்னதும்.
ஐம்பத்தாறு வருஷமாய் அந்தச் சொல்லை
சாத்துகிற பக்கத்திலிருந்தே கேட்டிருக்கிறேன்.
இன்னொரு பக்கம் இருக்குமென்று
தமிழ் பேசுகிற எனக்கே தோன்றியதில்லை.

நம்பிவிட்டேன் என்று சொல்லமாட்டேன்.
திருநீறு பூசுகிறவன் நான்;
சாம்பல் எவ்வளவு கனம் என்று கைக்குத் தெரியும்.
ஆனால் மூன்றாம் இரவு கரண்ட் போனது.
பெட்டியின் உறுமல் நின்றது. விசிறி நின்றது.
பாட்டு நிற்கவில்லை.
ஜெனரேட்டர் கயிற்றைப் பிடித்தவன்
இழுக்காமல் நின்றேன், அந்தப் பாட்டு முடியும்வரை.
தொழிலில் அது தப்பு.

விடிந்ததும் விமான நிலையச் சரக்குக் கொட்டகை.
எடை போட்டார்கள். பாரத்தில் எழுதினார்கள்:
மனித உடல், ஒன்று.
மூன்று நாள் வாடகையை முழுசாகவே வாங்கிக்கொண்டேன்.
ஐந்து வெள்ளி, ஒரு வெள்ளி நோட்டுகள், ஒரு மைலோ டின்னில்.

இப்போது எந்த வீட்டில் பிளக்கைச் செருகினாலும்
பெட்டி அந்தச் சுருதியிலேயே ஆரம்பிக்கிறது.
கம்ப்ரசரை மாற்றிவிட்டேன்.
நிறுத்திப் பார்க்கிறேன்.
முடியாது.